பாதிரி என்றொரு பூ

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு ஐங்குறுநூற்றின் இளவேனிற் பத்தை நடத்திக்கொண்டிருந்தோம். மின்விசிறி வெக்கையைக் கிளறிக்கொண்டிருந்ததே தவிர ஆற்றவில்லை. பாதிரி மலர்ந்ததைச் சொல்லும் பாடல் வந்தது. வகுப்பின் தூக்கத்தைக் கலைக்க வேண்டி, "பாதிரி என்றால் என்ன?" என்று கேட்டோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "தேவாலயத்தில் இருப்பாரே, அவர்தானே ஐயா?" என்றார்.

வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். அந்தப் பாதிரி போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்த சொல் என்றும், இந்தப் பாதிரி அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளேனும் மூத்த தமிழ்ப் பூ என்றும் விளக்கினோம். அவர் உட்காரவில்லை. "அப்படியானால் அந்தப் பூ எப்படி இருக்கும், ஐயா?" என்றார். நீண்டிருக்கும், வளைந்திருக்கும், மணம் உடையது என்று உரைகளில் படித்ததைச் சொன்னோம். "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்பது அடுத்த கேள்வி. அதில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. அதனாலேயே நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் பூவை நாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன கதை. கொஞ்சம் நடையும், கொஞ்சம் வரலாறும், நம் வீட்டு முற்றத்தின் ஒரு மூலையும் இதில் வருகின்றன.

பத்துப் பாடல்கள், எட்டுப் பூக்கள்

ஐங்குறுநூறு ஐந்து புலவர்கள் ஆளுக்கு நூறாகப் பாடிய குறும்பாடல்களின் தொகுப்பு என்பது வாசகர்கள் அறிந்ததே. தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாலைத்திணையின் நூறு பாடல்கள் ஓதலாந்தையார் பாடியவை. அந்த நூற்றுள் 341 முதல் 350 வரையிலான பத்துப் பாடல்களே இளவேனிற் பத்து. தலைவன் பொருள் தேடிப் பிரிந்திருக்கிறான். இளவேனிலில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவன். பருவம் வந்துவிட்டது, அவனைத்தான் காணோம் என்பதே பத்துப் பாடல்களிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

பருவம் வந்ததற்குச் சான்று வேண்டுமல்லவா? ஓதலாந்தையார் பாட்டுக்கொரு சாட்சியை அழைக்கிறார். முதற்பாட்டில் குயில் கூவுகிறது. ஒன்பதாம் பாட்டில் மாமரம் தளிர்க்கிறது. மற்ற எட்டுப் பாடல்களிலும் பூத்து நிற்பவை நுணவம், கோங்கு, குரவு, அதிரல், பாதிரி, புன்கு, மராஅம், வேம்பு ஆகிய எட்டும்.

இந்த எட்டில் எதையும் இன்று பூக்கடையில் முழம் போட்டு வாங்க முடியாது. காய்ந்த வேப்பம்பூ மட்டும் மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். மற்றவை அனைத்தும் யாரும் நடாமல், நீர் ஊற்றாமல், வெயிலில் தாமாகப் பூக்கும் காட்டுப் பூக்கள். இலையுதிர்த்து, மண் வெடித்து, குளம் வற்றிக் கிடக்கும் காலத்தில்தான் அவற்றுக்குப் பூக்கத் தோன்றுகிறது. பாலையை வறட்சியின் திணை என்று மட்டுமே கற்பித்துப் பழகிய நமக்கு, அதே பாலைக்குள் இத்தனை பூக்கள் இருக்கின்றன என்பது இப்படி எண்ணிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சித்திரையில் ஒரு நடை

சித்திரை பிறந்து இரண்டாம் வாரம். நாமும், தாவரவியல் துறை நண்பர் ஒருவரும், மாணவர்கள் ஏழு பேரும் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு முதல் பேருந்தில் போய் இறங்கினோம். கையில் ஐங்குறுநூற்றின் ஒளிநகல் பக்கங்கள் நான்கு. கேள்வி கேட்ட மாணவரும் வந்திருந்தார்.

வேம்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே நின்றது. தரையில் உப்பைத் தூவியது போல வெண்சிறு பூக்கள். மேலே தேனீக்களின் இரைச்சல். பாண்டியர் சூடிய அடையாளப் பூ இதுதான் என்று சொன்னபோது மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்கு முன்பும் அம்மரத்தடியில் பலமுறை நின்றிருப்பார்கள். இரு வாரங்களுக்கு முன் புத்தாண்டுப் பச்சடியில் உண்டதும் இதே பூவைத்தான்.

ஊருக்குள் போகும் பாதையில் ஓடைக்கரையை ஒட்டிப் புங்க மரங்கள். புங்கம்பூவைத் தமிழ்ப் புலவர்கள் பொரிக்கு ஒப்பிடுவார்கள். வகுப்பறையில் அது ஓர் உவமை. 'உவமை நயம்' என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதத்தக்கது. மரத்தடியிலோ, பொரி மூட்டை அவிழ்ந்து கொட்டியதைத்தான் பார்த்தோம். வெண்மையில் ஊதா கலந்த சிறு பூக்கள், சற்றே கருகிய பொரியைப் போலவே நிழல் முழுவதும் பரவிக் கிடந்தன. ஒரு மாணவி காலணியைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தார். நமக்கும் கழற்றத் தோன்றியது, கழற்றினோம்.

இந்தப் புங்கின் பெயருக்கு ஒரு தனிப் பயணம் உண்டு. மேற்குக் கரையில் வழங்கிய 'பொங்கம்' என்னும் வடிவத்திலிருந்துதான் தாவரவியலார் 'பொங்காமியா' என்னும் பேரினப் பெயரைப் படைத்தார்கள். நண்பர் இதைச் சொன்னபோது, "நம் சொல்லா ஐயா அது? இலத்தீன் என்றல்லவா மனப்பாடம் செய்தோம்!" என்று வியந்தார், இளநிலையில் தாவரவியல் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த மாணவர்.

ஓடையைக் கடந்ததும் புறம்போக்குத் தரிசு. அங்கே ஆளுயரத்துக்குச் சற்று மேல் வளர்ந்த ஒரு மரத்தில், நட்சத்திரம் போன்ற வெண்பூக்கள் மல்லிகையை நினைவூட்டும் மணத்தோடு இருந்தன. கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி அருகில் வந்தார். "என்னா சாமி பாக்குறீங்க?" என்றார். பூ பார்க்க வந்ததாகச் சொன்னோம். "நுணாப் பூவுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார்.

ஓதலாந்தையாரின் நுணவம், ஈறு மட்டும் தேய்ந்து, அந்த அம்மையாரின் வாயில் இருந்தது. தென்மாவட்டத்து மாணவர் ஒருவர் தம் ஊரில் அதை மஞ்சணத்தி என்பார்கள் என்றார். மரத்தை வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும், வேரில் சாயம் எடுப்பார்கள் என்று நண்பர் விளக்கினார். மூதாட்டிக்கு அது புதுச்செய்தி அன்று. காயை அரைத்து எதற்குத் தருவது, இலையை எதற்குப் பிழிவது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அகராதியில் ஒற்றை வரியாகக் கிடந்த சொல், அங்கே நின்ற அரைமணி நேரத்தில் வேரும் பட்டையும் காயும் பெற்று மரமாகிவிட்டது.

இலுப்பை பத்துப் பாடல்களில் இல்லை; ஆயினும் விட்டுவிட மனம் வரவில்லை. ஊர்க்கோயிலின் பின்புறம் ஒரு மரம் நின்றது. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் பூ அது. உள்ளே துளை, சதைப்பற்றான இதழ், வாயிலிட்டால் கள் மணத்தோடு இனிப்பு. யானைத் தந்தத்தைக் கடைந்து செய்தது போன்றதென்றும், கரடிகள் தேடி வந்து தின்னும் என்றும் அகப்பாடல்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்னும் பழமொழியைச் சொல்லாத தமிழர் இருக்க மாட்டார். அந்தச் சர்க்கரையைத் தின்று பார்த்தவர் எங்கள் குழுவில் அன்றுவரை ஒருவரும் இல்லை.

மலைச்சரிவில் வெயில் ஏறிவிட்டது. பாறை இடுக்கில், ஓர் இலைகூட இல்லாத கிளைகளின் நுனியில், உள்ளங்கை அகல மஞ்சட்பூக்கள் இரண்டு மூன்று எஞ்சி நின்றன. பருவம் மாசி, பங்குனியிலேயே முடிந்திருக்க வேண்டும், இவை பின்தங்கியவை என்றார் நண்பர். இதுவே சங்கக் கோங்கு என்பது பி. எல். சாமி முதலிய ஆய்வாளர் கொள்கை. இன்று கோங்கு என்னும் பெயரால் தாவரவியல் நூல்கள் குறிப்பதோ மேற்குமலைக் காடுகளின் வேறொரு மரத்தை. பெயர் ஓரிடத்திலும் பூ வேறிடத்திலுமாகப் போய்விட்டமைக்கு இது ஒரு சான்று.

அதிரலுக்குக் காட்டு மல்லிகை வகை என்று உரைகாரர் பொருள் கூறுவர். எந்தக் காட்டு மல்லிகை என்று நண்பர் கேட்டார். மூன்று நான்கு இருக்கின்றன. மராஅம் வெண்கடம்பா, வேறொன்றா என்பதில் அறிஞர்களிடையே இணக்கம் இல்லை. குரவின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பாவை போன்ற ஒன்றைத் தருவதாக இலக்கியம் கொண்டாடும் மரம் அது. திருவிடைக்கழி முருகன் கோயிலின் தலமரமாகப் பெயர் நிலைத்திருக்கிறது. அன்றைய நடையில் இம்மூன்றையும் உறுதியாகச் சுட்டிக்காட்ட முடியவில்லை. எட்டில் நான்கைக் கண்டோம். பாதிரியைக் காணவில்லை.

கொன்றை சொன்ன பொய்

இறங்கி வரும்போது வழிநெடுகச் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கியது. மாணவி ஒருவர் சரியான ஐயம் ஒன்றை எழுப்பினார்: "கொன்றை முல்லைத்திணைப் பூ; கார்காலத்தில் பூப்பது என்று படித்தோமே. சித்திரையில் எப்படி ஐயா?"

இன்றைய தமிழகத்தில் கொன்றை பூத்துக் குலுங்குவது சித்திரை, வைகாசியில்தான். மலையாளிகளின் விஷுக் கனியில் கொன்றைப் பூ இடம்பெறுவதும் சித்திரை முதல் நாளையொட்டியே. சங்கப் பாடல்களோ அதைக் கார்ப்பருவத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. ஆனால் குறுந்தொகையில் இரு பாடல்கள் இங்கே நினைக்கத்தக்கவை. 66ஆம் பாட்டில், பருவமல்லாப் பருவத்தில் பெய்த மழையைக் காரென்று நம்பிக் கொன்றைகள் பூத்துவிட்டன, அறிவில்லாதவை என்று தோழி சொல்கிறாள். 21ஆம் பாட்டின் தலைவியோ, கொன்றைக் காடே கார் என்று சொன்னாலும் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்ல மாட்டார் என்கிறாள்.

இவற்றை இதுவரை தோழியின் சாமர்த்தியம், தலைவியின் கற்பு என்றே விளக்கி வந்தோம். கொன்றையடியில் நின்றபோது வேறொன்றும் தோன்றியது. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் கொன்றை காலம் தப்பிப் பூப்பதைக் கண்ணால் கண்டவர்களுக்கே அந்த வாதம் எடுபடும். கேட்பவளும் கொன்றையை அறிந்தவளாக இருந்தால்தான், "இது பொய்ப்பூ" என்று சொல்லி அவளைத் தேற்ற முடியும். பூக்களின் நாட்காட்டி அன்று பேசுபவருக்கும் கேட்பவருக்கும் பொதுவாக இருந்தது. இன்று அந்த நாட்காட்டி நம்மிடம் இல்லை. ஆகவே பாடலின் பாதி வழக்கு நம் காதில் விழுவதில்லை.

பெயரும் பூவும் பிரிந்த கதை

எப்போது இழந்தோம்? ஒரு நாளில் நடந்த இழப்பன்று இது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை நிரல்படுத்துகிறார். அப்பகுதிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பல பெயர்களுக்குப் 'பூ' என்னும் சொல்லைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர் காலத்தவர்க்கு அதுவே போதியதாக இருந்திருக்க வேண்டும். நிகண்டுகள் ஒரு பெயருக்கு இன்னொரு பெயரைத் தந்தன; பாதிரிக்குப் பாடலம் என்றன. பெயருக்குப் பெயர் சொல்லும் வழக்கம் வலுத்தபோது, பூவைக் காட்டிச் சொல்லும் தேவை குறைந்துகொண்டே வந்தது.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர்ப் பகுதியில் கைக்கெட்டிய ஏடுகளில் சில பெயர்கள் இல்லாதிருந்ததையும், தேடியலைந்து தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டதையும் 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஓலையிலிருந்து உதிர்ந்த பூக்களை அவர் மீட்டுத் தந்தார். ஐங்குறுநூறு அவர் பதிப்பாக 1903இல் வந்தது. சொற்கள் காப்பாற்றப்பட்டன, பூக்களைத் தேடிப் போக வேண்டியது பிற்காலத்தவரின் கடமையாக எஞ்சியது.

இதற்கு இரு நூற்றாண்டு முன்பே வேறு சிலர் பூக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரின் துணையோடும் வேறு பலர் துணையோடும் உருவாக்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. கொன்றை அதில் 'கொன்ன' என்னும் மலையாளப் பெயரோடு படமாக இடம்பெற்றது. லின்னேயஸ் 1753இல் மகிழ மரத்துக்குச் சூட்டிய பெயரின் பின்பாதியான 'எலெங்கி'யும் அந்நூலின் வழியே போனதுதான். அது நம் இலஞ்சி.

கிழக்குக் கரையில் நம் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் இருந்தார். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் ரோட்லர், போகுமிடமெல்லாம் செடிகளைப் பறித்து உலர்த்திச் சேர்த்தார். அதோடு தமிழ்ச் சொற்களையும் சேர்த்தார். அவர் தொகுத்த தமிழ் – ஆங்கில அகராதி 1834 முதல் வெளிவந்தது. 1836இல் அவர் மறைந்த பிறகும் அப்பணி தொடர்ந்து 1841இல் நிறைவுற்றது. ஒரே மனிதர் ஒரு கையால் பூவையும் மறு கையால் சொல்லையும் சேர்த்திருக்கிறார். மாணவர் குறிப்பிட்ட அந்தப் 'பாதிரி'களில் ஒருவரே நம் பூக்களைத் தாளில் ஒட்டிப் பாதுகாத்தார் என்பதை அறிந்தபோது, அன்று வகுப்பில் சிரித்ததற்குச் சற்று வெட்கப்பட்டோம்.

அவருக்குப் பின் ராபர்ட் வைட் வந்தார். அவருடைய தாவரப் படத்தொகுதிகள் (1838–1853) ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் கையால் உருப்பெற்றவை. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். 20ஆம் நூற்றாண்டில் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூலும் (1915–1936), திருச்சியிலிருந்து கே. எம். மேத்யூ உருவாக்கிய தமிழகத் தாவரநூலும் வந்தன.

ஆக, சொல் புலவரிடமும், உலர்ந்த பூ தாவரவியலாரிடமும், உயிருள்ள பூ ஆடு மேய்ப்பவரிடமும் இருந்தன. மூவரும் ஒரே பாதையில் சந்தித்துக்கொள்ளாததே நம் இழப்பு. அவர்களைச் சந்திக்க வைக்கும் முயற்சிகளில் பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', தாவரவியல் பேராசிரியர் கு. சீநிவாசன் எழுதித் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத் தாவரங்கள்' ஆகிய இரண்டும் முதன்மையானவை. தமிழ் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டியவை இவை. நம் வீட்டிலும் இருந்தன. நூலை எடுத்துக்கொண்டு வெளியே போகத்தான் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

பிளந்து பார்த்த பூ

பாதிரி எளிய பூவன்று. வடக்கே அதன் பெயர் பாடலி. மௌரியரின் தலைநகரான பாடலிபுத்திரம் பெயர் பெற்றது அம்மரத்தால் என்பர். சாகுந்தலத்தின் தொடக்கத்தில் வேனிலைப் பாடும்போது காளிதாசன் நினைப்பது பாடல மலரின் மணம் தோய்ந்த காற்றை. தெற்கே கடலூரையடுத்த திருப்பாதிரிப்புலியூர் பாதிரியைத் தலமரமாகக் கொண்ட ஊர். அதன் பழம்பெயர் பாடலிபுரம். சமணர்களின் பெரும் கல்வி நிலையமாக விளங்கியது. உலகவிபாகம் என்னும் பிராகிருத நூலை சர்வநந்தி கி.பி. 458இல் அங்கே எழுதினார் என்பது வரலாறு. சமண முனிவராக இருந்த நாவுக்கரசர் வாழ்ந்ததும் அங்கேதான். கல்லிற் கட்டிக் கடலில் எறியப்பட்டு அவர் கரையேறியதும் அவ்வூரில் என்பது சைவ மரபு.

இத்தனை வரலாறு சுமந்த ஊரை இன்று மக்கள் 'திருப்பாப்புலியூர்' என்கிறார்கள். பேச்சு வேகத்தில் புலி தப்பித்துக்கொண்டது. பூவில் முதலெழுத்து மட்டும் மிஞ்சியது.

அடுத்த வைகாசியில் நண்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. மலைமேல் ஓடையோரக் காட்டில் ஒரு பாதிரி மரம் பூத்திருப்பதாகவும், விடியலில் போனால் உதிர்ந்த பூக்கள் கிடைக்கும் என்றும் சொன்னார். போனோம். மரம் உயரமானது, பூ இருப்பதே கீழிருந்து பார்த்தால் தெரியவில்லை. தரைதான் காட்டிக்கொடுத்தது. மங்கிய செவ்வூதா நிறம்; விரல் நீளக் குழல்; நடுவில் ஒரு கூன்; மேலெல்லாம் மென்மயிர். தேன் கலந்தாற்போன்ற மணம். குறுந்தொகையின் 147ஆம் பாட்டு, கனவில் கண்ட தலைவியின் மாமை நிறத்து மேனியில் படர்ந்த மென்மயிருக்கு இப்பூவை உவமையாக்குகிறது. ஆண்டுதோறும் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். மயிருக்கும் பூவுக்கும் என்ன ஒப்புமை என்று தெரியாததே காரணம். விரலால் தடவியபோது தெரிந்துவிட்டது.

ஒரு பூவை நகத்தால் நீளவாக்கில் பிளந்தோம். பெரும்பாணாற்றுப்படையின் தொடக்கத்தில் உருத்திரங்கண்ணனார், யாழுக்குப் போர்த்திய தோலின் நிறத்தை, பாதிரிப் பூவின் வயிற்றைப் பிளந்தால் தெரியும் உட்புறத்துக்கு ஒப்பிடுகிறார். அப்படி எழுத வேண்டுமானால் அவர் ஒரு பாதிரிப் பூவை எடுத்துப் பிளந்து பார்த்திருக்க வேண்டும். அவர் செய்ததையே செய்து, அவர் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் என்ன சொல்ல! கீழே வந்து, துணியில் சுற்றிய பதினொரு பூக்களை வகுப்பில் வைத்தோம். அன்று உரை நடத்தவில்லை.

முற்றத்தின் மூலை

நிற்க. நம் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்க காலத்தில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்று பெயர். காட்டுப்பூவும் வீட்டுப்பூவும் அங்கே பெரிதாகப் பிரிந்திருக்கவில்லை. இன்று நாற்றுப்பண்ணைக்குப் போனால் கிடைப்பவை போகன்வில்லாவும், குட்டை இட்லிப்பூவும், பெயர் தெரியாத அயல்நாட்டு இலைச்செடிகளும். நம் கல்லூரி வளாகத்தின் கோடை அழகு முழுவதும் மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையால் ஆனது. அழகுதான், வெறுப்பதற்கில்லை. ஆனால் அதே வழியில் அழகுச்செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி, வேலி தாண்டி மலையேறி, இன்று காட்டின் தரையையே மூடிக்கொண்டிருக்கிறது. பாதிரியின் கன்றுகள் முளைக்க வேண்டிய இடத்தில் அதுதான் புதராக மண்டியிருந்தது. தோட்டத்துப் பூ காட்டுக்குப் போய்விட்டது. காட்டுப் பூவுக்குத் தோட்டத்தில் இடமில்லை.

அந்த ஆண்டு முற்றத்தில் பதித்திருந்த சிமெண்டுக் கற்களில் ஒரு மூலையைப் பெயர்த்தெடுத்தோம். ஒன்றும் நடவில்லை. முதல் கோடை மழைக்குப் பின் தும்பை வந்தது. நாயுருவியும் நெருஞ்சியும் வந்தன. களை பிடுங்க ஆள் அனுப்பட்டுமா என்று அண்டை வீட்டார் அக்கறையோடு கேட்டார். தும்பை போர்க்களத்தில் மறவர் சூடிய பூ என்று சொன்னோம். "அதற்காக வாசலிலேயா சார்?" என்றார். நெருஞ்சியின் மஞ்சட்பூ காலையில் கதிரவனை நோக்கி விரிந்திருப்பதை அவர் பேத்தி வந்து பார்ப்பாள். மாலையில் காலில் முள் குத்தியதென்று அழுதுகொண்டு போவாள். கண்ணுக்கினிய பூவைக் காட்டிப் பிறகு முள்ளைத் தரும் அச்செடியை அள்ளூர் நன்முல்லையார் கணவன்மேல் ஏற்றிப் பாடியது எவ்வளவு பொருத்தம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். வீட்டார் அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்க விடவில்லை.

நண்பர் பின்பனிக் காலத்தில் பாதிரி நெற்றுகளைக் கொண்டுவந்தார். சிறகு வைத்த விதைகள். பன்னிரண்டை விதைத்தோம், நான்கு முளைத்தன, ஒன்று தங்கியது. இப்போது நம் தோளுயரம். பூக்க இன்னும் பல வேனில்கள் ஆகும்.

இதற்கிடையில் அடிவாரத்து ஓடைக்கரைப் புங்க மரங்கள் சாலை அகலப்படுத்தலில் போய்விட்டன. அடுத்த முறை மாணவர்களோடு போனபோது அடிமரங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. பொரியென்னும் உவமையை மறுபடியும் வாயால் சொல்லித்தான் விளக்க வேண்டியிருந்தது, சொன்னோம், குறித்துக்கொண்டார்கள். முதல் குழுவின் முகங்களில் கண்ட வெளிச்சம் அங்கே இல்லை. பூவோடு சேர்த்து எதை வெட்டினோம் என்பது அன்றுதான் முழுமையாக விளங்கியது.

கேள்வி கேட்ட அந்த மாணவர் இப்போது பள்ளியொன்றில் தமிழாசிரியர். போன சித்திரையில் தொலைபேசியில் அழைத்தார். பள்ளிக்குப் பின்னால் தரிசில் நுணா பூத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியதாகவும், அவர்களில் பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருந்ததாகவும் சொன்னார். அவர் குரலில் அத்தனை மகிழ்ச்சி. பிறகு, "ஐயா, உங்கள் வீட்டுப் பாதிரி பூத்துவிட்டதா?" என்று கேட்டார்.

பருவம் வந்துவிட்டது, பூ இன்னும் வரவில்லை என்றோம்.